கோடிச் சேலை: திருப்பூர் வட்டாரத்தில் துணையிழந்தோரும் நினைவூட்டும் பொருள்களும்

கணவனையோ மனைவியையோ இழந்தவரின் துயரம் கருமாதியோடு அடங்கிவிடுவதில்லை என்பதும், காரியங்கள் முடிந்து உறவினர் கலைந்து பல மாதங்களான பின்பும் ஏதோ ஒரு பொருள் எதிர்பாராத நேரத்தில் அதைக் கிளறிவிடும் என்பதும் தமிழில் மிகப் பழைய பதிவுடைய செய்திகளாகும். மனைவியை இழந்தவனின் நிலையைத் தபுதாரநிலை என்றும், கணவனை இழந்தவள் நோன்பிருந்து வாழும் நிலையைத் தாபதநிலை என்றும் தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணையில் தனித்தனித் துறைகளாக வைக்கிறது. புறநானூற்றின் 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் பெண்ணுக்குத் துயரத்தைக் கிளறுவது குளத்து வெள்ளாம்பல். இளமையில் அவள் இடையில் தழையுடையாக உடுத்திய அதே செடிதான், கணவன் இறந்தபின் வேளை தவறி அவள் உண்ணும் அல்லியரிசியையும் தருகிறது. கைம்மை நோன்பு நெற்சோற்றை விலக்கி அல்லியரிசியை விதித்தபோது, விலக்கப்பட்ட வாழ்வின் நினைவு அந்த மாற்று உணவின் வழியாகவே திரும்ப வந்து சேரும் என்பதை விதித்தவர்கள் எண்ணிப்பார்த்திருக்க மாட்டார்கள். இதற்கு மூன்று பாடல்கள் முன்னதாக, மனைவியைச் சுட்ட ஈமத்தின் எதிரே தான் இன்னும் உயிரோடிருப்பதை வியக்கும் சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதையின் பாடல் வருகிறது. ஆனால் அவன் என்ன உண்ண வேண்டும், எதை உடுக்க வேண்டும் என்று எந்த நோன்பும் அவனுக்கு விதிக்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு கொங்கு நாட்டில் நெடுங்காலம் துணியின் வடிவில் நிலைத்திருந்தது. இன்றைய திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த காங்கேயம், தாராபுரம், பல்லடம் பகுதிகளில், சிறப்பாகக் கொங்கு வெள்ளாளக் கவுண்டர் சமூகத்தில், கணவனை இழந்த பெண் வெள்ளைச் சேலை உடுத்துவது அண்மைக்காலம் வரை பொது வழக்காக இருந்தது. வயது முதிர்ந்த பெண்களிடம் அதை இன்றும் காணலாம். கோடி என்பது சடங்கின்போது உறவினர் எடுத்துவந்து போடும், நீரில் நனையாத புதுத்துணி. மணத்தில் வண்ணமாகப் பிறந்த வீட்டிலிருந்து வந்த அந்தக் கோடி, கணவனின் சாவில் வெள்ளையாக வந்தது. தாலியும் வளையலும் மெட்டியும் கழற்றப்பட, பூவும் குங்குமமும் விலக்கப்பட, அதுவரை கணவனை அவளுக்கு நினைவூட்டி வந்த பொருள்கள் அனைத்தும் ஒரே நாளில் அவள் உடம்பிலிருந்து நீங்கின. எல்லாச் சாதியினரும் இதில் ஒரே கடுமையைக் காட்டவில்லை. அறுத்துக் கட்டும் வழக்கம், அதாவது முதல் தாலி அறுந்தபின் வேறொருவரை மணந்துகொள்ளும் உரிமை, உழைத்துண்ணும் பல சமூகங்களில் இருந்தது. நிலமும் குடிப்பெருமையும் மிகுந்த இடங்களிலேயே வெள்ளைச் சேலை இறுகிப்போயிற்று எனலாம்.

நினைவூட்டும் பொருள்களை நீக்குவது இச்சடங்கின் நோக்கம் என்றால், அதன் விளைவு நேர்மாறானது. வெள்ளை உடுத்தியவள் கடைவீதியில் நடந்தாலும் கிணற்றடியில் நின்றாலும் இறந்தவனை ஊருக்கு நினைவூட்டும் அடையாளமாகத் தானே மாறினாள். ஊர் விலகி நடந்த ஒவ்வொரு முறையும் அந்த நினைவு அவளுக்குத் திருப்பித் தரப்பட்டது. இணைச்சீர் இதற்குத் தக்க சான்று. கொங்குத் திருமணத்தில் மணமகனின் உடன்பிறந்தவள் புதுச்சேலை உடுத்தி அவனருகில் நின்று செய்யும் இச்சீர், மணமான பின்னும் அண்ணன் தங்கை உறவு அறுபடாது என்பதைச் சபையறியச் செய்வது. சொந்தத் தங்கை கைம்பெண்ணாக இருந்தால் தங்கை முறையுள்ள வேறொருத்தி அவ்விடத்தில் நிற்பாள். துக்கத்தை எதிர்பார்த்து ஒருவர் சாவு வீட்டுக்குப் போகலாம். கல்யாண வீட்டில் அது எதிர்ப்படும்போது ஒதுங்குவதற்கு இடமில்லை. கணவனோடு தீயில் இறங்கியவளை வீரமாத்தி என்று கோயில் கட்டிக் கும்பிட்ட அதே வட்டாரம், இறங்காமல் வாழ்ந்தவளைக் கல்யாணப் பந்தலின் ஓரத்தில் நிறுத்தியது என்பதும் இங்கே கருதத்தக்கது.

மரபு துயரத்துக்கு ஓர் ஒழுங்கையும் தந்தது என்பதை மறுக்க முடியாது. துக்கம் விசாரிக்க வரும் பெண்கள் வாசலிலேயே குரலெடுக்க, வீட்டுப் பெண்கள் எழுந்துவந்து அவர்களைக் கட்டிக்கொண்டு வட்டமாக அமர்ந்து ஒப்பாரி சொல்வதும், முதலாண்டில் அந்த வீட்டில் பண்டிகை கொண்டாடப்படாததும் அழுகைக்கு ஒரு நேரத்தையும் துணையையும் ஏற்படுத்தின. ஒப்பாரியில் இறந்தவனின் பெருமை மட்டுமன்றி அவன் விட்டுச்சென்ற கடனும் மைத்துனன்மாரின் கொடுமையும்கூட இடம்பெறலாம். வேறெங்கும் வாய்திறக்க இயலாத பெண்ணுக்கு அது ஒரு வழக்குமன்றமாகவும் அமைந்தது. துயரம் பற்றிய இக்கால ஆய்வுகள் இதற்கு நெருங்கிய ஒன்றைச் சொல்கின்றன. இலண்டன் கைம்பெண்களை ஆராய்ந்த மனநல மருத்துவர் காலின் மர்ரே பார்க்ஸ் 1972இல் வெளியிட்ட நூலில், இறந்தவரைத் தேடும் மனநிலையும், ஏதேனும் நினைவூட்டியவுடன் அலைபோல எழுந்து தணியும் வேதனையும் விளக்கப்பட்டன. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷூட் ஆகிய நெதர்லாந்து உளவியலாளர்கள், துணையிழந்தவர் துயரத்தில் மூழ்குவதற்கும் அன்றாட வேலைகளில் ஈடுபடுவதற்கும் இடையே மாறிமாறிச் செல்வதே தேறுதலின் இயல்பான வழி என்று வாதிட்டனர். கொங்கு மரபில் முதற்பாதிக்கு ஒப்பாரி இருந்தது. மறுபாதியை வெள்ளைச் சேலை அடைத்துவிட்டது.

வெள்ளைத் துணி திருப்பூருக்கு வேறு பொருள்களையும் தந்தது. 1925இல் தொடங்கப்பட்ட அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்து இயங்கியதால் ஊர் கதர் வணிகத்தின் மையமாயிற்று. அதே காலத்தில் வேரூன்றிய பின்னலாடைத் தொழில் பல பத்தாண்டுகள் வெளுத்த வெள்ளைப் பனியனையே முதன்மைச் சரக்காகக் கொண்டிருந்தது. சென்னிமலை நெசவாளர் குடும்பத்தில் 1904இல் பிறந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குமரன், 1932 சனவரி 10 அன்று கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தில் காவலரின் தடியடிக்கு ஆளாகி மறுநாள் உயிர்நீத்தார். அவர் மனைவி ராமாயி. கொடிகாத்த குமரனின் பெயர் ஊரின் முதன்மைச் சாலைக்கும் நினைவு மண்டபத்துக்கும் வைக்கப்பட்டது. 2004இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. ஒரு பெண்ணின் கணவன் ஊர்ப்பொதுவான நினைவாக மாறும்போது மனைவியின் இழப்புக்கு அதில் எவ்வளவு இடம் கிடைக்கிறது என்ற கேள்வியைத் தியாக வரலாறுகள் பொதுவாக எழுப்புவதில்லை. ராமாயியின் பெயரும் அவற்றில் பெரும்பாலும் ஒரு வரியோடு நின்றுவிடுகிறது.

அடுத்த ஆண்டு ஈரோட்டில் இதற்கு மறுதலையான ஒன்று நடந்தது. 1933 மே 11 அன்று மனைவி நாகம்மையார் இறந்தபோது, அழுகையும் சடங்கும் வேண்டாம் என்ற தம் கொள்கையில் நின்ற பெரியார் ஈ.வெ.ரா., மறுநாளே திருச்சிக்குச் சென்று தடையுத்தரவை மீறி ஒரு திருமணத்தை நடத்திவைத்துக் கைதானார். அதே வாரம் ‘குடி அரசு’ இதழில் அவர் எழுதிய இரங்கலுரையோ, தம்மிடமிருந்து எதெல்லாம் போயிற்று என்று சொல்வதென அடுக்கடுக்காகக் கேட்டுக்கொண்டு போகிறது. சடங்கை மறுத்தவர் துயரத்தை மறுக்கவில்லை. தபுதாரநிலைக்குப் பிற்காலத் தமிழில் இதற்கிணையான சான்றுகள் அரியவை.

வெள்ளைச் சேலையின் பிடியைத் தளர்த்தியதில் சீர்திருத்தப் பேச்சுக்குப் பங்குண்டு என்றாலும், பனியன் கம்பெனிக்கு அதைவிடக் கூடுதலான பங்குண்டு என்று கருத இடமிருக்கிறது. 1970களின் இறுதியிலிருந்து ஏற்றுமதி பெருகியபோது பெண்கள் திரளாக வேலைக்கு வந்தனர். எண்ணெயும் சாயமும் பஞ்சுத் தூசியும் படியும் இடத்தில் வெள்ளை உடுத்துவது நடைமுறைக்கு ஒவ்வாதது, தவிரவும் வெளியூரிலிருந்து குடிவந்தவர் நிறைந்த தெருவில் அதைக் கேட்க உறவுமில்லை. ஆயினும் தொழிற்கூடம் தனக்கே உரிய நினைவூட்டல்களைக் கொண்டுள்ளது. பவர்டேபிள் எனப்படும் மின்தையல் இயந்திரத்தில் கணவன் தைக்க, அருகில் நின்று மனைவி துணியை மடித்தும் அடுக்கியும் கொடுக்கும் கைமடி வேலை செய்வது இங்கே காணக்கூடிய ஏற்பாடு. அப்படிப் பழகியவள் கணவன் போனபின் வேறொரு டெய்லருக்குக் கைமடிக்க நேர்கையில், இயந்திரம் எந்த இடத்தில் நின்று எந்த இடத்தில் மீண்டும் ஓடும் என்று கைகள் வைத்திருக்கும் கணக்கு தப்பிப்போகிறது. சனிக்கிழமைச் சம்பளம் ஒரே ஆளின் கணக்காகக் கைக்கு வருவதும் அத்தகையதே. வேலை அவளைத் தேற்றுகிறது, அதே வேலைதான் நினைவூட்டவும் செய்கிறது. சடங்கைப்போல ஒன்றை மட்டும் பிரித்து நீக்க இங்கே வழியில்லை.

இவற்றோடு இக்காலம் சேர்த்திருப்பது காகிதம். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம், வங்கிக் கணக்கு மாற்றம் என்று ஒவ்வொரு சாளரத்திலும் இறந்தவரின் பெயரைத் துணைவர் தம் கையாலேயே எழுதவேண்டியிருக்கிறது. 1856ஆம் ஆண்டின் இந்து விதவை மறுமணச் சட்டம் மறுமணத்தைச் செல்லுபடியாக்கியபோதே, மறுமணம் செய்பவள் முன்னாள் கணவனின் சொத்தில் தனக்குள்ள உரிமையை இழப்பாள் என்றும் விதித்தது. அச்சட்டம் 1983இல் நீக்கப்பட்டது. அந்த நிபந்தனையின் சாயல் ஓய்வூதிய விதிகளில் தொடர்கிறது. தொழிலாளர் வைப்புநிதியின் 1995ஆம் ஆண்டுத் திட்டப்படி கணவனை இழந்தவளுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம் மறுமணம் செய்துகொண்டால் நின்றுவிடும்; மனைவியை இழந்தவனுக்கும் இதே விதிதான், இந்த ஓரிடத்தில் மட்டும் தபுதாரமும் தாபதமும் சமமாகின்றன. ஓய்வூதியம் பெறும் பெண் உயிரோடிருப்பதற்கான சான்றோடு மறுமணம் செய்துகொள்ளவில்லை என்ற உறுதிமொழியையும் தருகிறாள். அலுவலகத்துக்கு அவள் எந்த நிறச் சேலையில் வந்தாலும் அந்தப் படிவத்தில் கேட்கப்படும் செய்தி மாறுவதில்லை.