குளம்பின் மீது விழும் பாரம்

1872 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்க நகரங்களைக் குதிரைகளின் சளிக்காய்ச்சல் தாக்கிற்று. அந்நாட்களில், நவம்பர் மாதத்தில், பொஸ்ரன் நகரம் பற்றியெரிந்தபொழுது தீயணைப்பு வண்டிகளை மனிதரே கயிறு பிடித்து இழுக்க நேர்ந்தது. நீராவியின் யுகம் என்று நாம் வகுப்பறையிற் போதிக்கும் காலம், உண்மையிலே குதிரையின் நான்கு குளம்புகளின் மீதும் நின்றது. ஆயின் அக்குளம்புகளின் மீது எவ்வளவு பாரம் விழுகின்றது என்று கருவிகொண்டு ஆராயும் முயற்சியோ அப்பொழுதுதான் அரும்பிக்கொண்டிருந்தது.

குளம்பின் முக்கியத்துவத்தை முன்னோர் அறியாதவரல்லர். கி.மு. 4 ஆம் நூற்றாண்டிலே கிரேக்கரான செனபோன், குதிரை வாங்குவோன் முதலிற் குளம்பையே பார்க்கவேண்டும் என்றார். நல்ல குளம்பு நிலத்திற் படும் ஓசையாலேயே அறியப்படும் என்றும் எழுதினார். காதே அன்றைய அளவுகோல். பின்னர் லாடம் கட்டும் தொழிலாளரின் கண்ணும் கையும் அவ்வறிவைத் தலைமுறை தலைமுறையாகப் பேணின. அவர்களுட் பெரும்பாலோரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

ஏட்டிலே பெயர் பொறித்தவர் குளோட் பூர்ஷெலா. 1762 இல் லியோன் நகரிலே உலகின் முதலாவது கால்நடை மருத்துவக் கல்லூரியைத் திறந்த பெருமை அவருடையது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அவர் குதிரையேற்றக் கழகத்தின் தலைவராயிருந்தவர். குதிரையின் தலை நீளத்தை அலகாகக் கொண்டு அதன் அங்கங்களுக்கெல்லாம் இலட்சிய அளவுகளை வகுத்தார். பிரபுக்களின் கண்ணுக்கு இனிய வடிவம் இவ்வாறு உடல்நலத்தின் இலக்கணமாக உயர்த்தப்பட்டது. வண்டியிழுத்த குதிரையிடம் எவரும் அளவு கேட்கவில்லை.

1779 இல் குவாபோன், வன்சான் என்னும் இருவர் குதிரையின் கால்களில் வெவ்வேறு ஒலியெழுப்பும் மணிகளைக் கட்டி நடையின் ஒழுங்கைச் செவியாற் பிரித்தறிய முயன்றனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின் பிரெஞ்சு உடலியலறிஞர் மாரே இன்னும் ஒரு படி முன்னேறினார். குதிரைமயிர் நிரப்பிய இறப்பர்ப் பந்தொன்றை லாடத்தின் அடியிற் பொருத்தினார். குளம்பு நிலத்தை அழுத்த, பந்திலுள்ள காற்று குழாய்வழியே மேலேறிற்று. குதிரையோட்டி கையிற் பிடித்திருந்த கருவியின் புகைபடிந்த தாளிலே முள் கோடு கீறிற்று. குதிரை தன் காலாலேயே தன் வரலாற்றை எழுதத் தொடங்கியது எனலாம். 1873 இல் வெளிவந்த அவருடைய நூல் இவற்றை விளக்கிற்று. இரயிற்பாதை முதலாளி ஸ்ரான்போர்ட்டின் பணத்தில் 1878 இல் மைபிரிட்ஜ் எடுத்த புகைப்படங்களே இன்று புகழ்பெற்றவை. ஆனால் எக்குளம்பு எப்பொழுது நிலத்தைத் தொடுகிறது என்பதையே படம் கூறும். எவ்வளவு பாரத்துடன் என்பதைக் கூறாது.

அக்கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியே விடை தந்தது. 1958 இல் சுவீடனில் பியோர்க் என்பார், உலோகத்தின் நுண்ணிய வளைவையும் மின்சாரத்தாற் காட்டும் உணரிகளை லாடத்திற் பொருத்திக் குளம்புக்கும் நிலத்துக்கும் இடைப்பட்ட விசையை அளந்தார். அவர் ஆராய்ந்தது பந்தயக் குதிரையின் வேகத்தையன்று, பாரமிழுக்கும் குதிரையின் உழைப்பை என்பது எமக்கு உவப்பானது. பிறகு நிலத்திலே பதிக்கும் விசைத்தட்டுகளும், குளம்படியின் ஒவ்வொரு சிறுபகுதியின் அழுத்தத்தையும் காட்டும் விரிப்புகளும் வந்தன.

நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 வீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. நாலுகாற் பாய்ச்சலிலோ ஒரே காலின் மீது உடலெடையின் இரண்டரை மடங்கு விழலாம். 500 கிலோகிராம் குதிரைக்கு அது 1250 கிலோகிராம் எடைக்குச் சமம். நோயற்ற குதிரைகளிலும் இடமும் வலமும் முற்றாக ஒத்திருப்பதில்லை என்பதையும் இவ்வளவீடுகள் காட்டின. பூர்ஷெலாவின் இலட்சியக் குதிரை ஏட்டிலே மட்டும் ஓடியது போலும்!

ஆகவே ஒரே வேகத்தில், பலமுறை, பல நலமான குதிரைகளை அளந்தாலன்றி இயல்பின் எல்லை புலப்படாது. எல்லை தெரியாதவிடத்து, இயல்பான கோணலையும் நோயென்று எண்ணி நல்ல குளம்பை அராவிக் கெடுப்பர். மறுபுறத்தில், முன்கால்கள் இரண்டும் ஒருங்கே நோகும் குதிரை இருபுறமும் சமமாகவே அடிவைக்கும். நொண்டாத காரணத்தால் மீண்டும் நுகத்திற் பூட்டப்படும்.