ஒரு தட்டையின் பயணம்

ஏலப்பூவைப் பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். ஆளுயரத்தைத் தாண்டி வளரும் தண்டுகளின், அதாவது தட்டைகளின், உச்சியில் வெறும் இலைதான். பூ வருவது தூரடியில். கிழங்கிலிருந்து கிளம்பும் சரத்தில் சின்ன வெள்ளைப் பூ, நடு இதழில் ஊதா வரிகள். விடியலில் விரிந்தால் அதற்கு ஒரு பகல்தான் ஆயுசு. அதற்குள் தேனீ வந்து போனால் காய் பிடிக்கும். வராவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

இந்தச் செடி வெளியூரிலிருந்து வந்ததல்ல, மேற்குத் தொடர்ச்சி மலையின் நிழலில் பிறந்தது. தோட்டம் என்ற ஒன்று வருவதற்கு முன்னால், காட்டில் பெருமரம் ஒன்றைச் சாய்த்து வெளிச்சம் விடுவார்கள். மண்ணில் கிடந்த விதைகள் தாமாக முளைத்து வரும். சில வருஷம் காய் பறித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். நட்டு வளர்க்கும் பழக்கம் வந்த பிறகுதான் செடி இடம்விட்டு இடம் நகரத் தொடங்கியது.

நகர்ந்தது இரண்டு வழியில். ஒன்று விதை. விதையில் வரும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தேனீ எந்தப் பூவின் தூளைக் கொண்டுவந்ததோ, அதன் குணமும் சேர்ந்துவிடும். மலபார் வகையில் சரம் தரையோடு படரும், மைசூர் வகையில் நிமிர்ந்து நிற்கும். இரண்டும் கலந்து இயற்கையாக உண்டானது வழுக்கை. அதன் சரம் பாதி நிமிர்ந்து சாய்ந்திருக்கும்.

இன்னொரு வழி, தூரைப் பிரிப்பது. வளர்ந்த தட்டை ஒன்று, அதை ஒட்டிய இளங்குருத்து ஒன்று, இரண்டையும் தாங்கும் ஒரு துண்டுக் கிழங்கு. இது போதும். நிழலும் ஈரமும் இலைமட்கும் கொடுத்து நாற்றுப் பாத்தியில் வளர்த்தால் ஒரே வருஷத்தில் அந்த ஒன்றிலிருந்து 30-க்கும் மேற்பட்ட நடவுச் செடிகள் கிடைக்கும். தாயின் குணம் மாறாது. தாயின் நோயும் மாறாது என்பதுதான் சிக்கல். அசுவினி பரப்பும் கட்டே நோய் கண்ட தூரைப் பிரித்து நட்டவர், நோயைத் தன் கையாலேயே புதுத் தோட்டத்துக்குக் கொண்டுபோகிறார்.

இடுக்கி மலையில், பாம்பாடும்பாறையில் 1956-லும் மயிலாடும்பாறையில் 1978-லும் ஏல ஆராய்ச்சிக்கென நிலையங்கள் தொடங்கப்பட்டன. ஆனால் இந்த மலையின் முகத்தையே மாற்றிய செடியைக் கண்டெடுத்தவர் ஒரு விவசாயி. இடுக்கி மாவட்டம் கட்டப்பனைப் பகுதியைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப், 1980-களில் தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த வழுக்கைச் செடியைத் தேர்ந்து, தட்டை பிரித்தே பெருக்கினார். குடும்பப் பெயரால் அது ‘ஞள்ளானி’ ஆனது. கொத்தாகக் காய், பெரிய காய், பழைய வகைகளைவிடப் பல மடங்கு விளைச்சல். தோட்டக்காரர்கள் தட்டை வாங்கிப் போனார்கள். அவர்களிடமிருந்து பக்கத்துத் தோட்டத்துக்கு. இன்று இடுக்கி ஏலத்தில் பெரும்பகுதி அந்த வம்சம். பயிரோடு வாழ்கிறவன் கண்ணுக்கு இதைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை.

கடலும் தாண்டியது ஏலம். முதல் உலகப் போருக்கு முன்பே ஜெர்மானியத் தோட்டக்காரர் ஒருவர் அதைக் குவாத்தமாலாவின் கோபான் பக்கம் நட்டார். இன்று உலகிலேயே அதிகமாக ஏலம் விளைவது அங்கேதான். அரபு நாடுகளின் காப்பியில் மணக்க நம் காய் அந்தக் காயோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

மலையில் பறித்த பச்சைக் காய் ஸ்டோரில் சூடான காற்றில் நிறம் கெடாமல் உலர்கிறது. ஐந்து கிலோ பச்சைக் காய்க்கு ஒரு கிலோ உலர்ந்த காய் தேறினால் பெரிது. பிறகு மலையடிவாரத்துப் போடி. சலித்து, கை பார்த்துப் பிரித்து, 7 எம்.எம்., 8 எம்.எம். என்று தரம் கட்டி, நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்துக்குப் போகிறது. மலைச்சரக்குக்காக 1928-ல் வந்த மதுரை – போடி ரயில்பாதை 2010-ல் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் ரயில் போடிக்குத் திரும்பியது. காயைப் பறிக்கும் கைகளும் கீழிருந்தே போகின்றன. போடியிலிருந்தும் தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்தும் பெண்கள் விடிகாலை ஜீப்பில் மலையேறி, சாயங்காலம் இறங்குகிறார்கள். 2018-ன் பெருமழை தோட்டங்களை அழித்த அடுத்த வருஷம், 2019 ஆகஸ்டில், ஏலக்காய் விலை கிலோ 7,000 ரூபாய் வரை போனது. 2024 கோடையின் வெயிலில் செடி தூர் தூராகக் கருகியது. நிழல்மரம் நன்றாக நின்ற இடத்தில் செடி தாக்குப்பிடிக்கும். விளைச்சலுக்காக நிழலை அளவுக்கு மீறிக் கழித்த இடத்தில் வெயிலை மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டுத் தோட்டத்தார் ஒன்றைக் கவனியுங்கள். நர்சரிகளில் ‘ஏலக்காய்ச் செடி’ என்று விற்பது பல நேரம் சித்தரத்தை இனத்துச் செடி. இலையைக் கசக்கினால் மணக்கும், நிழலான ஓரத்துக்கு அழகு, கிழங்கைப் பிளந்து நட்டால் சலிக்காமல் பெருகும். வளர்க்கலாம், ஏலம் காய்க்கும் என்று காத்திருக்க வேண்டாம். பூ உச்சியில் வந்தால் அது ஏலமல்ல.

தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே தாயின் தட்டைகளாக மலை நிறைந்திருக்கும்போது, ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். தோட்டத்து மூலையில் பழைய மலபார், மைசூர் தூர்கள் இருந்தால் பிடுங்கிவிடாதீர்கள். அடுத்த நல்ல செடி அதிலிருந்து வரலாம். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் மருந்து அடிக்காதீர்கள். அந்நேரம் சரத்தில் தேனீ இருக்கும்.