பிக்கப் வண்டியில் ஏபிஎஸ், டிராக்‌ஷன் விளக்கு எரிகிறதா? கடலோர உழவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை

உவர் நிலத்தைப் பற்றிக் கேட்க வரும் உழவர்கள், கிளம்பும்போது வண்டியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. "மீட்டர் போர்டுல மஞ்சள் விளக்கு அணையவே மாட்டேங்குது சார். பிரேக் பிடிக்கத்தான் செய்யுது. அப்படியே ஓட்டலாமா?" முண்டு மிளகாய் மூட்டையைப் பரமக்குடி சந்தைக்கு ஏற்றும் வண்டியானாலும், பாம்பனில் மீன் பெட்டி ஏற்றும் வண்டியானாலும் கேள்வி இதுதான்.

சாவியைத் திருப்பியதும் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் மஞ்சளாகவே நின்றால், சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் அவசரத்தில் அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வசதி இருக்காது. முன்னால் போகும் வண்டிக்கு நல்ல இடைவெளி விட்டு, மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டிச் செல்லலாம்.

அதனுடன் சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்காதீர்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா, பிரேக் ஆயில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சிவப்பு அணையவில்லை என்றால், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கும் வேலையும் நின்றிருக்கலாம். சுமை இறக்கிய பிக்கப்பின் பின்பக்கம் லேசானது. அங்கே சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி அப்படியே சுழன்றுவிடும். சந்தையில் மூட்டையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போதுதான் கூடுதல் ஆபத்து.

டிராக்‌ஷன் கண்ட்ரோல் எல்லா பிக்கப்பிலும் இருக்காது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் உண்டு. ஓடும்போது அந்த விளக்கு மினுக்கினால் பழுது இல்லை; வழுக்கும் சக்கரத்தை அது கட்டுப்படுத்துகிறது என்று பொருள். மினுக்காமல் நின்று எரிந்தால், அதை அணைக்கும் பட்டனில் யாராவது கை வைத்தார்களா என்று முதலில் பாருங்கள். ஏபிஎஸ் விளக்கும் இதுவும் சேர்ந்து எரிந்தால் பெரும்பாலும் பழுது ஒன்றுதான். இரண்டும் ஒரே சக்கர சென்சாரை நம்பித்தான் வேலை செய்கின்றன. இரண்டு பழுதுக்கு இரண்டு பில் என்று யாராவது சொன்னால் காரணம் கேளுங்கள்.

உப்பு செய்யும் வேலை

நம் பகுதியில் நான் முதலில் சந்தேகப்படுவது உப்பைத்தான். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்சார், அதன் எதிரே பல் வைத்த வளையமோ காந்த வளையமோ இருக்கும். இரண்டுக்கும் இடைவெளி மிகச் சிறியது. சென்சார் உட்காரும் இடத்தில் துருப் பிடித்தால், துரு உப்பிச் சென்சாரை வெளியே தள்ளிவிடும். இடைவெளி கூடும், சக்கரம் சுற்றுவது சரியாகத் தெரியாது, விளக்கு எரியும். ராமேசுவரம் தீவில் இரு பக்கமும் கடல் காற்று. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் உருகி ஒழுகும் தண்ணீர் நேராகப் பின் அச்சில் இறங்குகிறது. வாலிநோக்கம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளைச் சொல்லவே வேண்டாம். கனெக்டரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பச்சை பூத்திருக்கும். செம்பு அரிக்கப்பட்டதன் அடையாளம் அது.

விளக்கு எப்போது எரிகிறது என்பதைக் குறித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பாதி வேலை முடிந்துவிடும். சாவி போட்டதிலிருந்தே அணையவில்லை என்றால் பியூஸ், வயர், கனெக்டர் பக்கம் பார்க்க வேண்டும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தும் வண்டியில் எலி கடித்த வயரும் இருக்கும். அணைந்து, வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்தபின் எரிந்தால் சென்சார், வளையம், பேரிங் ஆட்டம் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் மெதுவாகப் பிரேக் பிடித்து நிற்கும் கடைசி நேரத்தில் பெடல் கடகடவென்று அதிர்கிறதா? வளையத்தில் துருவோ வெடிப்போ இருக்க வாய்ப்பு அதிகம். இதில் விளக்கு எரியாமலும் போகலாம் என்பதால் பலர் ஏமாந்துவிடுகிறார்கள். டயர் மாற்றியபின் எரிந்தால் நான்கும் ஒரே அளவா என்று பாருங்கள். பேட்டரி பலவீனமாக இருந்து, ஸ்டார்ட் செய்யத் திணறிய நாளில் மட்டும் எரிந்தால் பேட்டரி டெர்மினலில் தொடங்குங்கள்.

போனில் இணைக்கும் மலிவான ஸ்கேனர்கள் பல, இன்ஜின் பழுதை மட்டுமே காட்டும். ஏபிஎஸ் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். 'இடது பின் சக்கரம்' என்று குறியீடு வந்தால் அந்தச் சக்கரத்தின் இணைப்பில் கோளாறு என்றுதான் அர்த்தம், சென்சார் செத்துவிட்டது என்று அல்ல. முதலில் சுத்தம் செய்து, வயரையும் பேரிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். துருவில் சிக்கிய சென்சார் கழற்றும்போதே உடைவது சகஜம். அதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ஏபிஎஸ் யூனிட்டையே மாற்ற வேண்டும் என்பது கடைசியில் வர வேண்டிய பேச்சு. எடுத்த எடுப்பிலேயே அதைச் சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள். பல ஆயிரம் ரூபாய் விஷயம்.

வயலில் உப்பை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி வடிக்கச் சொல்கிறோம். வண்டிக்கும் அதே வைத்தியம்தான். மீனோ உப்போ ஏற்றிய நாளில் சக்கரத்தின் உள்பக்கத்தையும் அச்சையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அதிக அழுத்த பம்பை கனெக்டர் மீது நேராக அடிக்க வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை. துருவுக்கு என்று டீசல் அடிப்பவர்கள் பிரேக் டிரம், டிஸ்க் பக்கம் போகவே கூடாது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுக்கும். பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள், திறந்து வைத்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றாதீர்கள்.

2017-இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் தனுஷ்கோடி மணலில் வண்டி ஓட்டும் தேவை குறைந்துவிட்டது. ஆனால் மீன் ஏற்ற வண்டியைக் கரையில் இறக்குவது நிற்கவில்லை. இளகிய மணலில் டிராக்‌ஷன் கண்ட்ரோல் இன்ஜின் வேகத்தைக் குறைத்து வண்டியைப் புதைய வைக்கும். அங்கே மட்டும் பட்டனை அழுத்தி அணைத்துவிட்டு, தார் ரோடு ஏறியதும் மறக்காமல் போடுங்கள்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அந்த மாடலில் ஏபிஎஸ் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உண்டு என்றால், சாவியைத் திருப்பும்போது அந்த விளக்கு ஒருமுறை எரிந்தே ஆக வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியோ வயரை வெட்டியோ இருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.