சல்லடையும் சித்திரமும்

சல்லடை என்றதும் நம் நினைவுக்கு வருவது சமையலறையே. மாவைச் சலித்துக் கப்பியை ஒதுக்கும் அந்த எளிய கருவிக்கு விமான எஞ்சினிலும் ஓர் இடம் உண்டு. அது அங்கு வந்து சேர்ந்த வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஜெட் எஞ்சினில் எரிபொருள் மிக நுண்ணிய துவாரங்களின் வழியே பீச்சப்படுகிறது. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகளுக்கு எண்ணெய் செல்லும் வழிகளும் குறுகியவையே. அவற்றை ஒரு சிறு துகள் அடைத்துக்கொண்டாலும் கேடு விளையலாம். ஆதலால், பெரிய வடிகட்டிகளுக்குத் தப்பிவரும் துகளையும் தடுக்க, அத்துவாரங்களுக்குச் சற்று முன்னால் மெல்லிய உலோகச் சல்லடை ஒன்றை வைக்கிறார்கள். அதுவே கடைசிக் காவல்.

ஆனால் அத்தகட்டில் துளையிடுவது எவ்வாறு? அடித்துத் துளைத்தால் விளிம்பில் பிசிறு நிற்கக்கூடும். அப்பிசிறு ஒருநாள் உடைந்து எண்ணெயோடு செல்லுமானால், வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும்.

இது வீண் அச்சமன்று. 2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபயாவிலிருந்து ஹாங்காங்குக்கு 322 பேருடன் ஒரு விமானம் சென்றது. எரிபொருளிலுள்ள நீரை உறிஞ்சுவதற்காகத் தரையில் அமைத்திருந்த வடிகட்டியின் உட்பொருளே, நுண்ணிய உருண்டைகளாகக் கழன்று எரிபொருளில் கலந்துவிட்டது. அவை எரிபொருளை அளந்து விடும் வால்வுகளை இறுகச் செய்தன. ஓர் எஞ்சினின் வேகத்தைக் குறைக்க முடியவில்லை. மற்றதன் வேகத்தைக் கூட்ட முடியவில்லை. மணிக்கு 400 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் விமானம் தரையிறங்கியது. நல்லவேளையாக ஒருவரும் உயிரிழக்கவில்லை. அந்த வடிகட்டி உலோகச் சல்லடையன்று; எனினும் பாடம் ஒன்றே. மாசைத் தடுக்க நிற்பது, தானே மாசை உண்டாக்கலாகாது.

பிசிறற்ற துளைக்கு வழிகாட்டியது சித்திரக்கலை என்றால் வியப்படைவீர்கள். 1826-இல் பிரெஞ்சுக்காரரான நியெப்ஸ், உலோகத் தகட்டில் ஒருவகை நிலக்கீலைப் பூசி, அதன்மேல் ஒரு படத்தை வைத்து வெயிலில் காட்டினார். ஒளி பட்ட பூச்சு இறுகியது. நிழலில் இருந்தது கரைந்தது. பூச்சு நீங்கிய இடத்தை அமிலம் அரித்தது. அத்தகட்டிலிருந்து படம் அச்சிட முடிந்தது. பின்னர் 1852-இல் இங்கிலாந்தின் டால்பட் என்பவர், படத்தின் நிழற்சாயல்களைப் புள்ளிகளாகப் பிரிப்பதற்காகத் தகட்டின்மேல் சல்லாத் துணியை வைத்தார். 1858-இல் அரிப்பதற்கு ஃபெரிக் குளோரைடைக் கையாண்டார்.

இளமையில் ஓர் அச்சகத்தில், செப்புத் தகட்டில் படத்துக்கு 'பிளாக்' செய்வதை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பழுப்பு நிறத் திரவம் விமானத்துக்கும் வேலை செய்யும் என்று அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

இன்று சல்லடை செய்யும் முறையும் ஏறக்குறைய அதுவே. மெல்லிய எஃகுத் தகட்டின் இருபுறமும் ஒளி உணரும் பூச்சைத் தடவி, துளைகளின் படத்தை வைத்துப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். பூச்சு நீங்கிய இடங்களில் ஃபெரிக் குளோரைடைத் தெளிக்கிறார்கள். இருபுறமும் அரித்துச் சென்று நடுவில் சந்திக்கும்போது துளை பிறக்கிறது. அடியுமில்லை, வெப்பமுமில்லை, ஆதலால் பிசிறுமில்லை. ஆயிரக்கணக்கான துளைகள் ஒரே வேளையில் உருவாகின்றன.

இதிலும் நுணுக்கம் உண்டு. திரவம் ஆழத்தில் அரிக்கும்போதே பக்கவாட்டிலும் அரிக்கும். ஆகவே படத்தில் துளையைச் சற்றுச் சிறிதாகவே வரைதல் வேண்டும். தகட்டின் கனத்தைவிடச் சிறிய துளையைச் செய்வதும் பொதுவாக அரிது. அதனினும் நுண்ணியது வேண்டுமாயின் கம்பி வலையை நெய்வதும் ஒரு வழி.

டால்பட் 1877-இல் மறைந்தார். ரைட் சகோதரர்கள் பறந்தது 1903-இல். சித்திரம் அச்சிட அவர் சல்லாத் துணியை நாடினார். இன்றோ, சித்திரத்திலிருந்தே உலோகச் சல்லடை பிறந்து, வானில் செல்வோரைக் காத்து வருகிறது.