தர்மபுரியின் ஏடு, சதுரங்கப்பட்டினத்தின் மண்

ஐரோப்பிய வணிகக் கம்பெனிக்காரர்கள் காலூன்றிய தொடக்க காலத்தில் அன்றாட வாழ்க்கை எப்படியிருந்தது என்பதற்குத் தமிழகத்தில் இருவகைச் சான்றுகள் உண்டு. தர்மபுரிக்குக் காகிதம் பேசுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துச் சதுரங்கப்பட்டினத்துக்குக் குப்பை பேசுகிறது.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையால், தர்மபுரியை உள்ளடக்கிய பாரமகால் பகுதி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடும் உதவியாளர்களும் வயல் வயலாக அளந்து தீர்வை குறித்தார்கள். அவர்களுள் ஒருவரான தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். தர்மபுரியில் தோட்டமும் போட்டிருந்தார். குடியானவரிடமே நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறை இப்பகுதியில்தான் உருப்பெற்றது. மக்கள், விளைபொருள், நில உரிமை, வரி எனப் பகுதி பிரித்து எழுதிய குறிப்புகள் பின்னாளில் ‘பாரமகால் ஆவணங்கள்’ என்ற பெயரில் அச்சேறின.

சதுரங்கப்பட்டினத்துக்கு டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டில் துணி வாணிகத்துக்காக வந்தார்கள். அவர்களுடைய கோட்டைக்குள் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது சீனப் பீங்கான் சில்லுகளும் டச்சு நாட்டு ஹௌடா நகரத்துப் புகைக்குழாய்த் துண்டுகளும் கிடைத்தன. களிமண் குழாய் மலிவு, உடைந்தால் எறிந்துவிடுவார்கள். அதன் வடிவமும் பட்டறை முத்திரையும் மாறிக்கொண்டே வந்ததால், மண்ணடுக்கின் காலத்தைக் கணிக்க ஒரு துண்டே உதவும்.

இரண்டுக்கும் பார்வை வேறு. ஏடு ஆள்பவரின் கண்ணால் குடியானவரைப் பார்க்கிறது: என்ன விளைந்தது, எவ்வளவு கட்ட வேண்டும். எழுதியவர் எந்தத் தட்டில் சாப்பிட்டார் என்று சொல்வது கணக்கேட்டின் வேலையல்ல. குப்பைக்குழியோ ஆள்பவரையே காட்டிக்கொடுக்கிறது: கடல் கடந்தும் விடாத புகைப்பழக்கத்தை, சீனத்துப் பாத்திர மோகத்தை. ஆனால் அந்தப் பீங்கானைக் கழுவியவரின் கூலி மண்ணில் பதிவாகாது.

இரண்டும் சந்தித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய ஜேம்ஸ்டவுன் சாட்சி. 1609–10 குளிர்காலப் பஞ்சத்தில் மனித உடலையே தின்றார்கள் என்று அக்கால எழுத்துகள் கூறின, நம்பாதவர்கள் இருந்தார்கள். 2012இல் கிடைத்த ஓர் இளம்பெண்ணின் மண்டையோட்டில் இருந்த வெட்டுத் தடங்கள் அந்த எழுத்தை உறுதிசெய்தன.

தர்மபுரி மாவட்டத்திலும் தோண்டியதுண்டு: மோதூரில் மாநிலத் தொல்லியல் துறையின் அகழாய்வு புதிய கற்காலத்தை வெளிக்கொணர்ந்தது. ஆனால் பழமை மிகுந்தால்தான் தோண்டத் தகும் என்றில்லை. எழுத்து நிறைந்த 1790கள்தான் மண்ணோடு ஒப்பிட வசதியான காலம். கம்பெனிக் குடியிருப்பின் குப்பையில் பீங்கானையும் உள்ளூர்க் குயவரின் சட்டியையும் ஒரே அக்கறையோடு பொறுக்கினால்தான், தீர்வைக் கணக்கில் வெறும் தொகையாக நிற்கும் வீடுகளின் அடுப்படியும் வரலாற்றுக்குள் வரும்.