நம் சிலாங்கூர்: மலேசியக் கிண்ணமும் தோட்டத் தமிழரும்

மலாயாத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கப்பலையும் காட்டையும் கங்காணியையும் எழுதினர். கள்ளுக்கடையையும் வேலைநிறுத்தத்தையும் எழுதினர். கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் எழுதினர். காற்பந்துத் திடலை எழுதியோர் அரியர். பால்மரக் காட்டுக்குள் கோயில் எழுந்த தோட்டங்கள் பலவற்றில் அதற்கு அணித்தே ஒரு திடலும் இருந்தது. ஆண்டுக்கொரு முறை வரும் தீமிதிக்கு எவ்வளவு ஆவலோடு மக்கள் காத்திருந்தனரோ, ஏறத்தாழ அவ்வளவு ஆவலோடு ஆண்டுக்கொரு முறை வரும் கிண்ணத்து இறுதியாட்டத்திற்கும் காத்திருந்தனர். இதனை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆனால், ‘நம் சிலாங்கூர்’ என்னும் சொல் தோட்டத் தமிழன் வாயில் எப்போது, எங்ஙனம் வந்தது என்று வினவுவோர் திடலைக் கடந்து செல்ல இயலாது.

கோலாலம்பூருக்கு வடக்கே ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரவாங், இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற ஊர். முதலில் ஈயமும் பின்னர் இரப்பரும் அதனை வளர்த்தன. கோலாலம்பூரிலிருந்து இருப்புப்பாதை 1892-ஆம் ஆண்டிலேயே ரவாங்கை எட்டியது. அப்பாதையில் உழைத்தோருள்ளும் அதன் இருமருங்கிலும் பின்னர்த் தோன்றிய தோட்டங்களில் பால் எடுத்தோருள்ளும் தமிழர் மிகப் பலர். குவாங், செரண்டா, சுங்கை சோ, நிலக்கரி தோண்டிய பத்து ஆராங் ஆகிய சிற்றூர்கள் எல்லாவற்றுக்கும் ரவாங்கே கடைத்தெருவும் நிலையமும் ஆயிற்று. தலைநகருக்குச் செல்லும் வண்டி அங்குதான் வந்து நின்றது. தோட்டத்தார்க்குக் கோலாலம்பூர் என்பது பெரும்பாலும் மருத்துவமனையாகவோ, தைப்பூசத்து வழியாகவோ, காற்பந்தாகவோதான் அறிமுகமாயிற்று எனலாம்.

கிண்ணத்தின் தோற்றம் கடற்படையைச் சார்ந்தது. 1921-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ‘மலாயா’ என்னும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தது. இங்குப் பெற்ற வரவேற்புக்கு நன்றியாக அக்கப்பலார் காற்பந்துக்கென ஒரு கிண்ணத்தை வழங்கினர். சிலாங்கூர், சிங்கப்பூர், பினாங்கு, பேராக், நெகிரி செம்பிலான், மலாக்கா ஆகிய ஆறு குழுக்கள் அவ்வாண்டே அதற்காக ஆடின. கோலாலம்பூரின் சிலாங்கூர் கிளப் திடலில், இன்று மெர்டேக்கா சதுக்கம் எனப்படும் அதே புல்வெளியில், நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2–1 எனச் சிலாங்கூரை வென்றது. அடுத்த ஆண்டே சிலாங்கூர் பழிதீர்த்துக்கொண்டது. இரு குழுக்களுக்குமிடையே பல்லாண்டுகள் நீடித்த பகைமை இவ்வாறு முதல் ஆட்டத்திலேயே பிறந்தது.

அக்காலத்துத் தோட்டத் தமிழனுக்குச் சிலாங்கூர் என்பது என்ன பொருள் தந்திருக்கும்? ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் முடிவுற்றிருந்தது; கங்காணி முறையோ 1938-இல் இந்திய அரசு குடியேற்றத்தைத் தடுக்கும் வரை நீடித்தது. வந்தவர் தம்மைச் சேலத்தார் என்றும் திருச்சிராப்பள்ளியார் என்றும் தஞ்சாவூரார் என்றும் சொல்லிக்கொண்டனர். அடுத்துச் சொன்னது தோட்டத்தின் பெயர். அதுவும் பெரும்பாலும் வெள்ளைக்காரத் துரைமார் இட்ட பெயர், அல்லது தமிழ் நாவில் உருமாறிய பெயர். இவ்விரண்டுக்கும் நடுவே, வாழும் நிலத்தின் பெயரால் தம்மை அழைத்துக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் வேரூன்றியிருக்கவில்லை. அந்த இடைவெளியை நிரப்பிய சிலவற்றுள் கிண்ணம் ஒன்று. மாநிலங்களுக்கிடையே நடந்த போட்டியாதலின், ஆதரிப்பவன் ஏதேனும் ஒரு மாநிலத்தைத் தன்னுடையதென்று கொண்டே ஆகவேண்டும். அதற்கு எந்த அதிகாரியின் முத்திரையும் வேண்டியதில்லை.

தோட்டங்களில் காற்பந்து பரவியதற்குத் துரைமாரின் ஊக்கமும் ஒரு காரணம். ஞாயிறு மாலையில் கள்ளுக்கடைக்குச் செல்லும் இளைஞர் திடலுக்குச் செல்வாராயின், திங்கட்கிழமைப் பெரட்டுக்கு ஆள் குறையாது என்பது அவர்தம் கணக்கு. கணக்கு எதுவாயினும் ஆட்டம் மக்களுடையதாயிற்று. கிராணியின் மகனும் பால்வெட்டும் தொழிலாளியின் மகனும் ஒரே குழுவில் ஆடினர். வரிசை வீடுகளுக்கிடையே சாதி வகுத்திருந்த கோடுகளைத் திடல் முழுவதும் அழித்துவிட்டது என்று சொல்லுதல் மிகை. தொண்ணூறு நிமிடம் மறக்கச் செய்தது எனின் தகும். நகரத்திலும் இவ்வார்வம் குறைவன்று. செந்தூல் இரயில்வே பட்டறையிலும் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளிலும் வாழ்ந்த தமிழர் தத்தம் குழுக்களை அமைத்தனர். இலங்கைத் தமிழர் கோலாலம்பூரில் உடற்பயிற்சிச் சங்கமே நிறுவினர்.

சப்பானியர் படையெடுப்பால் 1941-க்குப் பின் கிண்ணம் நின்றது. திடல்கள் பலவற்றில் மரவள்ளி முளைத்த காலம் அது. மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழருள் திரும்பாதோர் தொகை பெரிது. போட்டி 1948-இல் மீண்டும் தொடங்கியபோது, தோட்டத்துக் குழுக்கள் புதிய தலைமுறையைக் கொண்டே உருவாக வேண்டியிருந்தது.

மெர்டேக்கா விளையாட்டரங்கம் 1957 ஆகஸ்டு 30 அன்று திறக்கப்பட்டது. மறுநாள் காலை அங்கேயே நாட்டின் விடுதலை முழங்கப்பட்டது. அதன்பின் கிண்ணத்து இறுதியாட்டங்கள் நிகழ்ந்த முதன்மை அரங்கும் அதுவே. ஒரே படிக்கட்டில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் பஞ்சாபியரும் நெருங்கி அமர்ந்தனர். நடுவர் தவறிழைத்தார் எனத் தோன்றினால் எல்லோருக்கும் பொதுவான வசை ஒன்றே: ‘ரெஃப்ரி காயு!’ காயு என்பது மலாய்மொழியில் மரக்கட்டை. நாட்டின் பொதுமொழியைத் தோட்டத்து இளைஞர் பலர் பள்ளியில் கற்கும் முன்னரே அரங்கில் கற்றனர் என்று சொல்லத் தோன்றுகிறது. கற்ற முதற்சொல் மட்டும் அவ்வளவு மரியாதையானதன்று.

விடுதலை வந்த பின்னரும் குடியுரிமை எல்லோர்க்கும் வந்துவிடவில்லை. படிவம் நிரப்பத் தெரியாமையாலும் பிறப்புச் சான்று இன்மையாலும் ‘எதற்கு?’ என்னும் அசட்டையாலும் எண்ணற்ற தோட்டத் தமிழர் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றனர். குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய உரிமம் பெறவேண்டும் என்று 1969-இல் விதி வந்தபோது, பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். அவர்களுள் மலாயாவிலேயே முதுமை எய்தியவரும் உண்டு. அரங்கின் வாயிலில் எவரும் அட்டையின் நிறத்தைக் கேட்டதில்லை. சிவப்பு அட்டைக்காரன் சிவப்பும் மஞ்சளுமான சிலாங்கூர்க் கொடியை ஏந்தி ‘நம் சிலாங்கூர்’ என்று கூவியபோது, சட்டம் தராத ஒன்றை அவன் தானே எடுத்துக்கொண்டான். இதனை அரசியல் என்று அவன் எண்ணியிருக்கமாட்டான். எண்ணாமற் செய்ததே அதன் வலிமை.

மலாயாக் கிண்ணம் 1967-இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. 1979-இல் குழுக்கள் அனைத்தும் ஒரே லீக்கில் மோதி, முதல் நான்கு இடங்களைப் பெற்றவை அரையிறுதியில் ஆடும் முறை வந்தது. அமெரிக்கர் பேஸ்பால் ஆட்டத்தில் பருவம் முழுவதும் ஆடித் தீர்த்தபின் அக்டோபர் மாதத்துத் தகுதிச் சுற்றுகளுக்காக உறக்கமின்றித் தவிப்பர் அன்றோ, அதனை ஒத்த தவிப்பு இங்கும் பிறந்தது. பல மாதம் முதலிடத்தில் நின்ற குழு, அரையிறுதியில் தோற்று வெறுங்கையோடு திரும்பலாம். லீக்கில் முதலிடம் பெற்றோர்க்குத் தனிக் கிண்ணம் என்பதே 1982-இல்தான் வந்தது. அதுவரை பட்டியல் என்பது வாயிற்படி, அரையிறுதிதான் வீடு.

அந்த வாரங்களில் தோட்டம் வேறு தோட்டமாகும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தண்டல் பெயர் கூப்பிடும்போதே வாதம் தொடங்கிவிடும். நிரைக்கு நிரை அது குரலெழுப்பித் தொடரும். பால் நிறுக்கும் இடத்தில் கைகலப்பின் விளிம்புக்கே போய்த் திரும்பும். தமிழ் நேசனின் விளையாட்டுச் செய்தியைப் படிக்கத் தெரிந்தவன் படிக்க, தெரியாதவர் சூழ்ந்து நிற்பர். இறுதியாட்டத்தன்று சிலர் இரயிலில் சென்றனர். சிலர் பணம் திரட்டி லாரி அமர்த்தினர். செல்ல முடியாதவர் வானொலியைச் சுற்றியும், பின்னாளில் தோட்டத்து மண்டபத்துத் தொலைக்காட்சியைச் சுற்றியும் குழுமினர். வென்றால் ஊர் திரும்பும் லாரி தொலைவிலேயே கேட்கும். தோற்றால் ஓசையின்றி வரும். மறுநாட் காலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் மரத்தடிக்குப் போவர். தோல்விக்கு ஒரு காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே பேச்சு மீளும். அக்காரணம் பெரும்பாலும் நடுவர்.

தமிழ் இரசிகனின் பெருமிதத்துக்குத் தனிக் காரணமும் இருந்தது. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசியக் குழுவின் தலைவர் எம். சந்திரன். எழுபதுகளில் சிலாங்கூரின் கோலைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கரங்களால் எந்த மூலையையும் எட்டிப் பந்தைப் பற்றியமையால் நாடே அவரை ‘ஸ்பைடர்மேன்’ என்று அழைத்தது. சிறுவர்கள் முன்னணி ஆட்டக்காரர் ஆகவே விரும்புவது உலக வழக்கம். ஆறுமுகத்தின் காலத்தில் தோட்டத்துப் பையன்கள் கோல் கம்பத்தினிடையே நிற்கப் போட்டியிட்டமை வியப்பன்று. சந்தோக் சிங்கும் சோ சின் ஆனும் அரண் செய்ய, ஆறுமுகம் காக்க என அமைந்த தேசியக் குழு, 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2–1 என வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குத் தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான் காரணமாக மலேசியா அவ்விழாவைப் புறக்கணித்தது, குழு செல்லவில்லை. ஆறுமுகம் 1988 டிசம்பர் 18 அன்று சாலை விபத்தில் மாண்டார். அவருக்கு அப்போது வயது முப்பத்தைந்து.

1975 முதல் 1981 வரையிலான ஏழு இறுதியாட்டங்களில் ஆறில் சிலாங்கூரும் சிங்கப்பூரும் மோதின. ஐந்தில் சிலாங்கூர் வென்றது. 1980-இல் மட்டும் சிங்கப்பூர் 2–1 என வென்றது. 1965-இல் பிரிந்துவிட்ட இரு நாடுகளின் மானப்போர் அது. தமிழருக்கோ அது உறவினர் சண்டையும் ஆகும். ரவாங்கில் அண்ணனும் சிங்கப்பூர்ச் சிராங்கூனில் தம்பியும் வாழ்ந்த குடும்பங்கள் எத்தனையோ. சிங்கப்பூர்ப் பக்கம் பந்தை வளைத்தடிப்பதில் பேர்பெற்ற எஸ். இராஜகோபால், சிலாங்கூர்ப் பக்கம் கே. இராஜகோபால். பெயரைச் சொல்லி வாழ்த்துவோர் முதலெழுத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டியதாயிற்று. தீபாவளிக்கு ஒன்றாக உண்ணும் உறவு, இறுதியாட்டத்து வாரத்தில் கடிதம் எழுதாது. இனப்பற்றினும் இடப்பற்று மேலோங்கிய அந்தச் சிறு ஊடலே, இம்மக்கள் வந்தேறிகளாக இருந்த நிலை கடந்துவிட்டது என்பதற்குச் சான்று.

எல்லைக்கோடுகளும் நெஞ்சங்களைப் பிரித்தன. 1974 பிப்ரவரி 1 அன்று கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமாகிச் சிலாங்கூரிலிருந்து விலகியது. பின்னர்த் தனிக் குழுவும் கண்டது. அக்குழு 1987, 1988, 1989 என மூன்றாண்டு தொடர்ந்து கெடாவை வென்று கிண்ணத்தைக் கைக்கொண்டது. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் தமிழர் பலர் புதுக்குழுவின் பக்கம் சாய்ந்தனர்; ரவாங்கும் கிள்ளானும் சிலாங்கூரோடு நின்றன. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஒரு கோடு ஒரே படிக்கட்டில் இருந்தோரை எதிரெதிர்ப் படிக்கட்டுகளில் அமர்த்திவிட்டது.

தொண்ணூறுகளில் இரண்டு இடிகள் ஒருங்கே வீழ்ந்தன. 1994–95-இல் வெளிப்பட்ட ஆட்டச் சூதில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர் விசாரிக்கப்பட்டனர். 1994-இல் வென்ற சிங்கப்பூர் அத்துடன் போட்டியை விட்டே விலகியது. தோல்விக்கு நடுவரைக் காரணம் காட்டி ஆறுதல் கொண்ட இரசிகன், தான் தோள்மீது தூக்கியவர்களையே ஐயுற நேர்ந்தது. ஒரு நாட் கூலியை விட்டு ஆட்டம் காணச் சென்றவனுக்கு அது பொழுதுபோக்கின் இழப்பன்று. இன்னொன்று ஓசையின்றி வந்தது. ரவாங்கைச் சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. தோட்டத்தார் அடுக்குவீடுகளுக்கும் புறம்போக்குகளுக்கும் சிதறினர். கோயிலைப் பெயர்த்து வைக்கவும் பள்ளியை மாற்றியமைக்கவும் மக்கள் போராடினர். சிலவிடங்களில் வெற்றியும் கண்டனர். திடலுக்காகப் போராடியோர் மிகச் சிலரே. ஆறுமுகத்தைப் போன்றோரை அடுத்த தலைமுறையில் தேடியவர்கள் முதலில் தேடியிருக்க வேண்டியது அத்திடல்களை.

கே. இராஜகோபாலைப் பயிற்றுநராகக் கொண்ட மலேசியக் குழு 2010 டிசம்பரில் இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசியக் கிண்ணம் பெற்றபோது, அரசு பொதுவிடுமுறை விட்டது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தினின்று வளர்ந்த குழு, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்னும் பெயரில் 2019-இல் உயர்மட்ட லீக்கில் ஏறி, 2022-ஆம் ஆண்டு முடிவில் விலகியது. சிலாங்கூர் 2015-இல் கெடாவை 2–0 என வென்று தன் முப்பத்து மூன்றாம் கிண்ணத்தை எடுத்தது. அதற்குள் ரவாங்கிலிருந்து தலைநகருக்கு மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கி இருபதாண்டு ஆகியிருந்தது. சிவப்பும் மஞ்சளும் அணிந்து அதில் ஏறிய இளைஞருள், தாத்தாவின் சிவப்பு அட்டையைப் பேழையில் வைத்திருக்கும் வீடுகளிலிருந்து வந்தோரும் இருந்திருப்பர்.