எடுக்கப்படாத அரிசியின் பொருள்: கேரளத்து ரேஷன் வெட்டும் ஒரு நிரலின் வாசிப்பும்

கேரளத்தின் பொது விநியோக முறையை ஆராய்ந்தோரில் ஒரு சாரார், 1997-க்குப் பின் வறுமைக் கோட்டுக்கு மேற்பட்டவை எனக் குறிக்கப்பட்ட குடும்பங்கள் தமக்கு ஒதுக்கப்பட்ட அரிசியில் பெரும்பகுதியை எடுக்காமல் விட்டதையே ஆதாரமாகக் கொண்டு, அந்த அரிசி அவர்களுக்குத் தேவைப்படவில்லை என்றும், ஆகவே 2007 ஏப்ரல் தொடங்கி அவர்களுக்குரிய மாதாந்திர ஒதுக்கீட்டை மத்திய அரசு ஏறத்தாழ 1,13,000 டன்னிலிருந்து ஏறத்தாழ 17,000 டன்னாகக் குறைத்தது பொதுப்பணத்தை வீணாக்காத நிர்வாக விவேகமே என்றும் முடிவு கட்டியுள்ளனர். ஏழில் ஒரு பங்கு அளவே எஞ்சிய அவ்வெட்டுக்கு அன்று சொல்லப்பட்ட நியாயமும் முந்தைய ஆண்டுகளின் எடுப்பு அளவுதான். ஆக, அரசின் செயலும் அறிஞரின் சமாதானமும் ஒரே அட்டவணையின் ஒரே நிரலின் மேல் நிற்கின்றன. அந்த நிரலில் உள்ள எண்களை நான் மறுக்கவில்லை; அவற்றை வாசித்த முறை பிழை என்பதே என் துணிபு.

இவ்விஷயத்தைத் திருவனந்தபுரத்திலிருந்தோ தில்லியிலிருந்தோ பார்ப்பதைவிட, பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், மழை குன்றிய தமிழ் பேசும் ஊராகிய எருத்தேன்பதியிலிருந்து பார்ப்பது அதிகப் பயன் தரும். கோழிக்கோடும் கொச்சியும் அறியாத ஓர் ஒப்பீட்டை இவ்வூர் தினந்தோறும் காண்கிறது: வேலந்தாவளத்தையோ கோபாலபுரத்தையோ கடந்தால் கோயம்புத்தூர் மாவட்டம், அங்கே பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு, மொழி ஒன்று, கூலி வேலையும் ஏறக்குறைய ஒன்று, ரேஷன் மட்டும் வேறு.

இனி அந்த நிரலுக்கு வருவோம். எடுப்பு குறைந்த ஆண்டுகளில் அரிசியின் விலை எவ்வாறு நின்றது என்பதை அதன் அருகே வைத்துப் பார்த்தாலன்றி அது பேசாது. வறியோரையும் மேற்பட்டவரையும் பிரித்து வழங்கும் குறியிலக்கு முறை வந்த 1997-இன் இறுதியில், மேற்பட்டவர்க்கான உயர்தர அரிசியின் மத்திய வெளியீட்டு விலை கிலோவுக்கு ரூ. 7.00, 1999 ஜனவரியில் ரூ. 9.05, மேற்பட்டவரிடம் முழுப் பொருளாதாரச் செலவையும் வசூலிப்பது என்ற 2000-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் கொள்கைப்படி அந்த ஏப்ரலில் ரூ. 11.80. இரண்டே கால் ஆண்டில் விலை மூன்றில் இரண்டு பங்கு ஏறியது. இதன் மேல் போக்குவரத்தும் கடைக்காரரின் கமிஷனும் சேர்ந்த பிறகே அரிசி கார்டுதாரரின் பைக்கு வரும். அதே காலத்தில் நல்ல விளைச்சலால் வெளிச்சந்தையில் விலை தளர்ந்திருந்தது. சந்தையை ஒட்டிய விலையில், தரத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமையின்றி, கையில் காசு இருக்கும் நாளில் சரக்கு இருக்குமா என்ற நிச்சயமும் இன்றி விற்கப்படும் ஒரு பொருளை ஒருவர் வாங்காமற் போவது, பசி இல்லாமையைக் காட்டுமா, அல்லது மானியம் இல்லாமையைக் காட்டுமா? பெயரளவில் ‘ரேஷன்’ என்றிருந்த அரிசி, காரிய அளவில் அரசு நடத்திய இன்னொரு மளிகைக் கடையின் அரிசியாகிவிட்டது. அதை எடுக்காதவர் மானியத்தைத் துறந்தவர் அல்லர். அவருக்கு மானியம் ஏற்கெனவே மறுக்கப்பட்டிருந்தது.

எடுப்பு வீழ்ச்சி கேரளத்தார்க்கே உரிய செழிப்பின் அடையாளம் அன்று என்பதற்கு வேறொரு சாட்சியும் உண்டு. விலையேற்றத்துக்குப் பின் நாடெங்கும் அரிசியும் கோதுமையும் கிடங்குகளில் தேங்கி, 2002-இன் நடுவில் மத்தியத் தொகுப்பின் இருப்பு 6 கோடி டன்னைத் தாண்டியது. அதன் ஒரு பகுதி, வறியோர்க்குரிய விலையை ஒட்டிய விலையில், ஏற்றுமதிக்கு விடப்பட்டது. தேசம் முழுவதும் ஒரே சமயத்தில் உண்ணாவிரதம் பூண்டது என்று எவரும் சொல்லத் துணியார். விலை மாறியது, வாங்குதல் மாறியது. 2001 ஜூலையில் விலை ரூ. 8.30 ஆக இறங்கிய பின்னும் எடுப்பு பழைய நிலைக்கு மீளவில்லையே என்பது மாற்றுத் தரப்பினரின் வலுவான வாதம். அதை இலேசாகத் தள்ள இயலாது. ஆனால் கடையை விட்டுப் போன குடும்பம், விலை இறங்கிய அன்றே திரும்பி வரும் என எதிர்பார்ப்பது கடை என்பது என்ன என்பதை மறப்பதாகும். ரேஷன் கடைக்காரரின் வருமானம் அன்று விற்ற மூட்டையின் கணக்கில் வந்தது. மேற்பட்டவர் விலகியதும் அவர் வியாபாரம் சுருங்கும், கடை திறக்கும் நாளும் நேரமும் சுருங்கும், அரிசி வந்ததா என்று இருமுறை வந்து பார்த்துத் திரும்பிய கூலிக்காரர் மூன்றாம் முறை வரமாட்டார். நாளைக்கு நாள் காசு காணும் தென்னந்தோப்புத் தொழிலாளிக்கும் நிலக்கடலைக் காட்டுத் தொழிலாளிக்கும் ஒரு நடை என்பது அரை நாள் கூலி. ஆகவே குறைந்த எடுப்பில் ஒரு பகுதி விலையின் நேர் விளைவு. மறு பகுதி அவ்விலை சிதைத்த ஸ்தாபனத்தின் விளைவு. இரண்டையும் பிரித்து அளக்கத்தக்க ஆதாரம் இல்லாத நிலையில், முழுவதையும் ‘தேவையின்மை’ என்ற கணக்கில் எழுதுவது அனுமானத்தைச் சான்றாக ஆக்குவதே.

மானியத்தை வெட்டிய முதல் வெட்டின் விளைவையே ஒதுக்கீட்டை வெட்டிய இரண்டாம் வெட்டுக்கு ஹேதுவாகக் கொண்ட இம்முறையில் தர்க்கதோஷம் ஒன்று உண்டு. விலையை ஏற்றினால் எடுப்பு குறையும். எடுப்பு குறைந்ததால் ஒதுக்கீடு குறையும். ஒதுக்கீடு குறைந்ததால் கடைக்குச் சரக்கு வராது. சரக்கு வராததால் எடுப்பு மேலும் குறையும். எந்தப் படியிலும் ஒருவர் வீட்டு அடுப்பை எட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே எழுவதில்லை.

தேவையின்மை என்ற வாதத்துக்கு உரைகல்லும் உடனே கிட்டியது. ஒதுக்கீடு வெட்டப்பட்ட மறு ஆண்டில், உலகெங்கும் உணவு விலை உயர்ந்த வேளையில், கேரளத்துக்கு வரும் அரிசியின் விலையும் ஏறியது. 2008 மார்ச்சில் பெய்த காலமல்லாத மழை குட்டநாட்டு நெல்லை அழித்தது. தேவையில்லை எனத் தீர்மானிக்கப்பட்ட அதே அரிசியை மீட்டுத் தருமாறு மாநிலம் தில்லியிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. சந்தை மலிந்த காலத்தில் ஒதுங்கியிருந்தோர்க்குச் சந்தை ஏறிய காலத்தில் ஒதுங்க நிழல் இல்லை. விலை ஏறும் ஆண்டில் உதவுவதற்காக விலை இறங்கும் ஆண்டிலும் நிலைபெற்றிருக்க வேண்டியதே விநியோக முறை. அதன் பயனை மலிவான ஆண்டுகளின் சராசரியால் அளந்தது, ஏரியின் அவசியத்தை மழைக்காலத்தில் அளந்ததற்கு ஒப்பாகும்.

எல்லைக்கு அப்பால் நடந்ததையும் நோக்குக. தமிழ்நாடு குறியிலக்கு முறையை ஏற்காமல் அனைவர்க்கும் என்ற முறையையே காத்தது. 2006-இல் கிலோ ரூ. 2, 2008-இல் ரூ. 1, 2011 ஜூன் முதல் இலவசம். மேற்பட்டவர்க்கான மத்திய விலை ரூ. 8.30 ஆக இருந்த ஆண்டில், எருத்தேன்பதியாரின் சம்பந்தி வீட்டில் அரிசி கிலோ இரண்டு ரூபாய். அங்கே அரிசி கடையில் தேங்கவில்லை. அவ்விலையின் பாரத்தைத் தமிழ்நாட்டுக் கருவூலமே சுமந்தது என்பதையும், அது நெல் விளையும் நாடு, கேரளமோ தன் உணவில் பெரும்பகுதியை வெளியிலிருந்து பெறும் நாடு என்பதையும் மறக்கலாகாது; ஆகையால் இரண்டையும் முற்றச் சமமாக வைக்க நான் முற்படவில்லை. ஆயினும் ஒரே இயல்புடைய ஜனங்கள் ஒரு பக்கம் எடுக்கவும் மறுபக்கம் விடவும் செய்தால், வேறுபாட்டை ஜனங்களிடம் அன்றி விலையிடம் தேடுவதே முறை. தமிழ்நாட்டு ரேஷன் அரிசி கடத்தப்பட்டு இவ்வெல்லை வழியே மேற்கே வருகிறதே, அது அங்குள்ளோரின் தேவையின்மையைக் காட்டாதா எனின், கடத்தி வரும் அரிசியை வாங்கி உண்போர் இந்தப் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதையே அது காட்டுகிறது.

மேற்பட்டவர் என்ற சொல்லே இவ்வளவு குழப்பத்துக்கும் காரணம். திட்டக் குழு 1993-94-க்குக் கேரளத்தில் கணித்த வறுமை விகிதம் 25.43, எஞ்சிய முக்கால் பங்கினரும் ஒரே நாளில் ‘மேற்பட்டவர்’ ஆயினர். கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை நிற்பவரும் மேற்பட்டவரே. பர்மா அரிசியின் வரத்து நின்ற இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கொச்சி இராஜ்யம், தன் சித்தூர் வட்டம் உள்பட, இப்படிக் கோடு கிழிக்காமல் ரேஷன் நடத்தியது. 1960-களின் ரேஷனும் கோடு கிழிக்கவில்லை.

இவ்வெட்டின் துன்பம் பதிவாகாமற் போவதற்கும் காரணம் உண்டு. ஓய்வூதிய வெட்டு கண்ணுக்குத் தெரியும். ரேஷன் வெட்டு தெரியாது. 2023 நவம்பரில் சமூகநல ஓய்வூதியம் மாதக்கணக்கில் நின்றபோது, இடுக்கி மாவட்டத்து அடிமாலியில் இரு முதிய பெண்கள் பிச்சைச் சட்டியுடன் வீதியில் நின்றனர், நாடு பார்த்தது. அரிசி எடுக்காத குடும்பமோ வீதிக்கு வருவதில்லை. அது கறியைக் குறைக்கிறது, பால் வாங்குவதை நிறுத்துகிறது, கடன் சொல்கிறது. அதன் துன்பம் எந்த நிரலிலும் ஏறாது. ஏறுவது எடுக்கப்படாத மூட்டை மட்டுமே.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பரில் கேரளத்தில் அமலுக்கு வந்தபின், ஆண்டு ஒதுக்கீடு 14.25 லட்சம் டன். முன்னுரிமை பெற்றோர் சுமார் 1.54 கோடிப் பேர், மாநில மக்களில் பாதிக்கும் குறைவு. மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை எனக் கார்டுகள் நிறம் பிரிந்துள்ளன. முன்னுரிமை பெறாத வெள்ளைக் கார்டின் எடுப்பைக் காட்டி இனியொரு வெட்டு முன்மொழியப்படுமானால், அதை மதிப்பிடும் அறிஞர் எடுப்பு நிரலைத் தனியே எடுத்தாளாமல், அந்தந்த மாதத்துக் கடை விலையையும், சந்தை விலையையும், கடைக்கு உண்மையில் வந்துசேர்ந்த சரக்கையும் அதன் பக்கத்தில் வைத்தே வாசிக்க வேண்டுமென வேண்டுகிறேன்.